உன் எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது, அக்கா

அன்புள்ள ருக்மணி அக்காவுக்கு,

தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக்கூட 'வாங்க சாமி, போங்க சாமி' என்று கூப்பிடும் ஊரில் பிறந்தும், நீயும் நானும் மட்டும் கடைசிவரை 'நீ' என்றே பேசிக்கொண்டோம். இந்தக் கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. இருபத்தெட்டு வருடக் கோபத்தை 'நீங்கள்' போட்டு எழுத எனக்கு வரவில்லை.

மாசி வந்தால் நீ போய் ஒரு வருடம். திதிக்கு முன் சொல்லிவிட வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நல்ல சேதிதான். ஆனால் அதை நான் நேராகச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. என் தம்பி இவ்வளவு சீக்கிரம் விஷயத்துக்கு வரமாட்டானே என்று சந்தேகப்படுவாய்.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாமா அதைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "இத வெச்சுட்டு நான் என்னுங்க மாப்ள பண்றது? விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிர்றாங்க. மாடு சென புடிக்கல, பால்ல கொழுப்பு ஏறல. எனக்கென்னுங்க தெரியும்? நீங்க படிச்சவீங்க, பேசிக்கோங்க." வேதியியல் எம்.எஸ்ஸி. படித்தவனுக்கு மாட்டு மடியும் தெரிந்திருக்கும் என்பது மாமாவின் எண்ணம். நம் ஊர் பெருமாட்டியில் நீ வேலை பார்த்த பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அத்தனை பேருக்கும் உன் எண் மனப்பாடம். நீ இல்லை என்று தெரிந்தும் பழக்கத்தில் கூப்பிடுகிறார்கள். எடுப்பது நான் என்று தெரிந்ததும் வைத்துவிடாமல், "பரவால்லீங்க, நீங்களே கேளுங்க" என்று தொடங்கிவிடுகிறார்கள். நானும் கேட்டேன். அணைத்துவிட்டிருக்கலாம். கேஸ் புக்கிங் அந்த எண்ணில், மாமாவின் ரேஷன் கார்டு அந்த எண்ணில் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு எட்டு மாதம் சார்ஜ் போட்டேன்.

அட்டப்பாடி மலைமேல், அகளி அரசு ஆபீஸில் என் மேஜைமேல் இரண்டு போன் கிடப்பதைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரர் "சாரே, ரண்டாமத்தேது ஆருடெயா?" என்று, இரண்டாவது யாருடையது என்று மலையாளத்தில் கேட்டுக் கண்ணடிப்பார். சிரிக்க மாட்டேன். என்னை இந்த மலைக்குமேல் மாற்றியதே பழிவாங்கத்தான். அந்தக் கதையை உனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன், இன்னொரு நூறு முறை சொல்ல எனக்குத் தெம்பிருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். உன் போன் அடித்தது. தெரியாத எண். மாட்டுக்காரர் யாரோ என்று எடுத்தேன்.

"அலோ, சொல்லுங்க."

"ருக்மணி அம்மா இருக்காங்களா சார்?" ஒரு பெண் குரல். தெற்கத்திப் பேச்சு.

"அவங்க இல்லீங்களே."

"எப்ப வருவாங்க?"

"வர நேரமாகுமுங்க."

வெளியாள் யார் கேட்டாலும் எட்டு மாதமாக இதைத்தான் சொல்லிவந்தேன். நீ சொசைட்டிக்குப் போயிருக்கிறாய், வர நேரமாகும். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

"அவசரம் சார். அவங்ககிட்ட மட்டுந்தான் பேச முடியும். வேற நம்பர் இருந்தா குடுங்க." யார் என்று கேட்டேன். ஒரு யுனிவர்சிட்டியின் பெயரைச் சொல்லி, அங்கே மாணவர்களுக்கு ஆன்லைனில் நடக்கும் மனநல ஆலோசனையிலிருந்து பேசுவதாகச் சொன்னார். மது படிக்கும் யுனிவர்சிட்டி. என் மகள் பெயரை நான் சொன்னேன். "ருக்மணி அம்மாகிட்டத்தான் சார் சொல்ல முடியும்" என்றார் மறுபடியும். போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"அவங்க செத்துட்டாங்கம்மா" என்றேன். "மாசியிலயே செத்துட்டாங்க. நான் அவங்க தம்பி. மதுவோட அப்பன்."

அந்தச் சொல்லை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அக்கா. தவறிவிட்டாள், போய்விட்டாள், இல்லை. இப்படித்தான். அன்று ஆபீஸில் நாலு பேர் முன்னால் சத்தமாக வந்தது.

அவர் சட்டென்று மாறி, எல்லாவற்றையும் சொன்னார். மது அன்று காலை பேச வந்தாள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். வெறும் சலிப்பாக இல்லை, முடிவெடுத்தவள்போல் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஹாஸ்டல் வார்டனுக்குச் சொல்லியாயிற்று, தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு நேரம் வந்தால் வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டாம். அதில் அவள் எழுதியிருந்தது உன் பெயரை.

"ஞாயித்துக்கெழமகூட நல்லா இருக்கறேன்னுதானுங்க சொல்லுச்சு" என்றேன். எதற்காக அதை அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அதெல்லாம் பெறகு யோசிக்கலாம் சார். இப்பக் கெளம்புங்க. ரெண்டு போனும் கையிலயே இருக்கட்டும். தனியா வராதீங்க, யாரையாச்சும் கூட்டிக்கோங்க."

கண்ணடிக்கிற அந்த மேஜைக்காரர் ஏற்கெனவே எழுந்து வண்டிச் சாவியை எடுத்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்மேல் எனக்கிருந்த குறைகளில் பாதியை அன்று தள்ளுபடி செய்துவிட்டேன்.

அட்டப்பாடிச் சுரத்தில், அந்த மலைப்பாதை முழுக்க, டவர் கிடையாது. வளைவுக்கு வளைவு இரண்டு கையிலும் இரண்டு போன், இரண்டிலும் ஒரு கோடு இல்லை. அந்த நேரம் பிள்ளையை நினைத்துத் துடித்தேன் என்று எழுதினால் பொய். எனக்கு வாயெல்லாம் கீழாநெல்லி கசந்தது.

படிக்கிறவர்களுக்கு இது புரியாது. உனக்குப் புரியும். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஒரு வருடம். எனக்கு வாய்த்த ஆசிரியர், நான் செய்த வேலையை வேறொருவன் பெயரில் சேர்த்துக்கொண்டார். அது மட்டும் காரணமில்லை. தூக்கம் போனது, பசி போனது, ஒரு நாள் ஆய்வகத்தின் கதவைத் திறக்கக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் நீ வாசலில் நின்று சொன்னாய்: "தம்பிக்கு மஞ்சக்காமாலைங்க."

சொன்னதோடு விட்டாயா? பொய் நிற்க வேண்டுமே. நாற்பது நாள் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி என் வாயில் ஊற்றினாய். உப்பில்லை, எண்ணெயில்லை, தாளித்த வாசனையே வீட்டில் இல்லை. பார்க்க வந்தவர்கள் என் இமையை இழுத்துப் பார்த்து, "ஆமாங்க, நல்லா மஞ்சளாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்பத்தோராம் நாள் உப்புப் போட்டுச் சோறு போட்டு, 'கொணமாயிருச்சு' என்று அறிவித்தாய். குணமான ஆளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான் பேச வேண்டியிருந்ததெல்லாம் அந்த மோரோடு உள்ளே போயிற்று. ஆராய்ச்சி போனது. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வாணையப் பரீட்சை எழுதி குமாஸ்தா ஆனேன். நோயாளியாக இருக்கக்கூட என்னை நீ விடவில்லை என்று உன்மேல் எனக்குக் கோபம். உன் வீட்டுக்கு வருவேன், ஆபீஸ் குறைகளைச் சொல்வேன், சாப்பிடுவேன், போவேன். உன் முகத்தைப் பார்த்து அதைக் கேட்டதே இல்லை. நீயும் பேசியதில்லை.

சுரம் இறங்கி ஆனமூளி வந்ததும் ஒரு போன் அடித்தது. என்னுடையது இல்லை, உன்னுடையது. திரையில் 'கண்ணு' என்று வந்தது. மதுவின் எண்ணை நீ அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாய்.

"அலோ, சொல்லுங்க" என்றேன், பழக்கத்தில்.

"அப்பா."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். சொன்னேனா, கையால் காட்டினேனா என்று நினைவில்லை.

"போன்ல சார்ஜ் போயிருச்சுங்ப்பா. லைப்ரரிக்குப் பொறத்தால உக்காந்திருந்தேன். வார்டன் மேடம் வந்து கூட்டிட்டு வந்துட்டாங்க. பக்கத்துலதான் இருக்கறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "திட்டுவீங்களாப்பா?"

"இல்ல கண்ணு. சாப்புட்டயா?"

"இல்ல."

"நான் வாறதுக்குள்ள ஒரு தோசையாச்சும் சாப்புட்டிரு."

வேறென்ன கேட்பது? இத்தனை படித்தும் எனக்கு வந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வார்டன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் அரைத் தோசை மிச்சம். என்ன காரணம் என்று கேட்டேன். அவளுக்கே முழுதாகத் தெரியவில்லை. ஒரு பேப்பர் போனது, தூக்கம் போனது, அத்தை போனது. எது முதலில் என்று அவளால் வரிசைப்படுத்த முடியவில்லை. எனக்கு அது நன்றாகப் புரிந்தது என்பதுதான் எனக்கு வலித்தது.

அடுத்து, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். என் குணம் உனக்குத் தெரியும், எந்த நேரத்திலும் ஒரு கணக்குத் தீர்க்கப் பார்ப்பேன். "அப்பன் உசுரோட இருக்கறப்ப செத்தவங்க பேர எதுக்கு சாமி எழுதுன?"

"மொத வருசம் எழுதுனப்ப அத்த இருந்தாங்க. இந்த வருசம் மறுபடி சேந்தப்ப, மாத்தணுமான்னு கேட்டாங்க. நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"அந்த நம்பர்ல நீங்கதான எடுக்கறீங்க."

எனக்கு விளங்கவில்லை. அவள் தோசையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "உங்க நம்பருக்குக் கூப்புட்டா 'என்ன விசயம்'னு எடுப்பீங்க. எனக்குச் சொல்ல வந்ததே மறந்து போயிரும். அத்த போன்ல 'அலோ, சொல்லுங்க'ன்னு எடுக்கறீங்க. ஓணத்துக்கு வந்தப்பப் பாத்தேனே. பொன்னுச்சாமிப் பெரியப்பா செவலமாட்டப் பத்தி முக்கா மணி நேரம் பேசுனாரு. நீங்க ஒரு தடவகூடக் குறுக்க பேசல."

அக்கா, நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. சுவரிலிருந்த மெஸ் அட்டவணையைக் கடைசி வரிவரை படித்தேன்.

அப்புறம்தான் நீ ஒளித்துவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. தன் மனசு சரியில்லை என்று முதல் வருடத்திலேயே அவள் உன்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். லீவுக்கு ஊருக்கு வந்தால் ஆன்லைனில் பேச ஓர் அறை வேண்டும், கதவு சாத்த வேண்டும், டவர் கிடைக்க வேண்டும். நம் வீட்டில் கதவு சாத்தினால் உடனே அவள் அம்மா வசந்தா தட்டுவாள், நான் "எதுக்குச் சாத்தற?" என்பேன். நீ சொசைட்டியின் தீவன அறையைத் திறந்துவிட்டிருக்கிறாய். வாசலில் புண்ணாக்கு மூட்டைமேல் காவல் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "உள்ள ஸ்டாக் எடுக்கறாங்க, பொறவு வாங்க" என்று அனுப்பியிருக்கிறாய். வாரம் தவறாமல் ஸ்டாக் எடுக்கிற சொசைட்டி கேரளத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

அங்கே ஒரு நாள் அவளிடம் நீ சொன்னாயாமே. அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "உங்கப்பனுக்குக் காமாலைன்னு ஊருக்குச் சொன்னேன் கண்ணு. இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்கறான். இருக்கட்டும். அன்னைக்கு எனக்கு அதுக்கு வேற பேரு தெரியல."

இதை என்னிடம் சொல்ல உனக்கு என்ன தடை? இருபத்தெட்டு வருடம். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பத்து நிமிட நடை. ஆனால் நான்தான் எப்போது கேட்டேன்?

ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. உனக்கு நெஞ்சு வலித்தபோதும் 'வாயுங்க, ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும்' என்றாயே. எனக்கு வந்ததற்கு வேறு பெயர் தெரியாமல் சொன்னாய், சரி. உனக்கு வந்தது என்ன என்று தெரியுமே. மூன்று நாள் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு பால் அளந்தாய். என் ஆசிரியர், என் ஆபீஸ், வராத என் பிரமோஷன் எல்லாவற்றையும்விட அந்த ஓமத்தண்ணீர்மேல்தான் இப்போது எனக்கு ஆத்திரம்.

இனி நல்ல சேதி. மது இந்த ஒரு பருவம் லீவு எடுத்து வீட்டில் இருக்கிறாள். பாலக்காட்டில் ஒரு டாக்டரைப் பார்க்கிறோம், மாத்திரை சாப்பிடுகிறாள். புதன்கிழமை நாலு மணிக்கு ஆன்லைனில் அதே கவுன்சிலர். அவர் பள்ளிவாசல் என்ற மலையூரில் தேயிலை எஸ்டேட் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவராம். தமிழில் பேசுகிறவர் வேண்டும் என்று மதுதான் கேட்டு வாங்கியிருக்கிறாள். "மலையாளத்துல பரீட்சகூட எழுதிருவனுங்ப்பா, அழுக மட்டும் வராது" என்கிறாள். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் மத்தியானம்வரை எழுந்திருப்பதில்லை. ஆனால் போன வாரம் வசந்தா வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டாள். உப்பைப் பற்றிச் சண்டை போடுகிறவளைப் பார்த்து நான் வாசலுக்குப் போய்த் தனியாக நின்று மூச்சு விட்டேன். என்ன ஒரு மூச்சு, அக்கா. இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தேன் அதை?

ஓர் அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை. தன் கையில் இருக்கும் போனில், தன் பாஷையில், கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர். எனக்குக் கிடைத்தது கீழாநெல்லி. இந்த எண்ணம் வரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறது. அது போகிறபோது போகட்டும்.

தீவன அறையை இப்போது சொசைட்டிக்காரர்கள் புதன்கிழமைகளில் எனக்குத் திறந்துவிடுகிறார்கள். லீவு போட்டு மலை இறங்கி வந்து, புண்ணாக்கு மூட்டைமேல் உன் இடத்தில் நான் உட்காருகிறேன். முதல் வாரமே பொன்னுச்சாமி அண்ணன் வந்தார், தவிட்டுக்கு.

"உள்ள ஸ்டாக் எடுக்கறாங்களாட்ட இருக்குது?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. வாய்வரை வந்தது.

"இல்லீங்க. எம்புள்ள இருக்குது. மனசுக்கு முடியலீங்க. கவுன்சிலருகிட்டப் பேசிட்டிருக்குது, போன்ல."

அவர் மூடிய கதவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்குப் பக்கத்து மூட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "ஏனுங், அவங்க நமக்கெல்லாம் பேச மாட்டாங்களா? எனக்கு மூணு மாசமாத் தூக்கமில்லீங்க" என்றார்.

"அது காலேஜ் புள்ளைங்களுக்கு மட்டுமுங்க."

"அப்பப் படிக்காதவனுக்கு மனசில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்களா?"

பாலக்காட்டு டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். போன வாரம் போய்விட்டு வந்தார். செவலைமாட்டுக்கும் ஏதாவது கேட்டாரா என்று தெரியவில்லை.

நாலு பேர் படிக்கக் கொடுக்கும் முன் இந்தக் கடிதத்தை மதுவிடம் படித்துக் காட்டினேன். மது என்பது அவள் பெயரில்லை என்று உனக்குத் தெரியும். "பேர மட்டும் மாத்திக்கோங்கப்பா, நோவோட பேர மாத்தாதீங்க" என்றாள். மாற்றவில்லை. எனக்கு அன்று வந்ததும் மன நோய்தான். வேண்டுமானால் வந்து என் இமையை இழுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் படிவத்தையும் திருத்தியிருக்கிறாள். காட்டினாள். பெயர் என்ற இடத்தில் என் பெயர். உறவு, அப்பா. எண் மட்டும் பழையது. உன்னுடையது.

அதனால், அக்கா, இது என் வாக்கு. உன் போன் என் கையில் இருக்கும்வரை அணையாது. மாடு சென பிடிக்காதவர்கள் கூப்பிட்டாலும் எடுப்பேன், தூக்கம் பிடிக்காதவர்கள் கூப்பிட்டாலும் எடுப்பேன். யாராவது உன்னைக் கேட்டால் வர நேரமாகும் என்று சொல்லமாட்டேன். என் போனையும் இனி அதே குரலில் எடுக்கப் பழகுகிறேன். நேற்று முயன்றேன். மேலதிகாரி பயந்துவிட்டார்.

காமாலை வராத உன் தம்பி,
சதாசிவம்